படத்தில் எட்டுப் பேர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா. அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்கள் முன்னால் உட்காருங்கள். அணைத்தோமா இல்லையா என்று சந்தேகம் இருப்பவர்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஒரு மனிதர் கால் நிமிஷம் ஓடி ஒரு கிளப்பின் சரித்திரத்தையே உண்டாக்கிவிட்டு, அதை முப்பது வருஷம் யாரிடமும் மூச்சு விடாமல் வயிற்றுக்குள் வைத்திருந்த கதையைச் சொல்லப்போகிறேன். முப்பது வருஷம்! நமக்கெல்லாம் பக்கத்து வீட்டுச் சேதி முப்பது நிமிஷம் தங்குமா?

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட்பால் என்று பெயர். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தட்டுகிற ஆட்டம் இல்லை. பந்தைக் கையில் பிடித்து, ஓடி, எம்பி, கோலுக்குள் எறிவது. பந்து வழுக்காமலிருக்க விரல்களில் பிசின் தடவிக்கொள்வார்கள். பக்கத்துக்கு ஏழு பேர்; கோல் காப்பவரையும் சேர்த்துத்தான் ஏழு. ஏழு என்ற அந்த எண்ணை மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாற்ற நடுவரைக் கேட்க வேண்டாம், ஆட்டத்தை நிறுத்தவும் வேண்டாம். உள்ளே இருப்பவர் வெளியே வந்த பிறகு, பெஞ்சில் இருப்பவர் உள்ளே போகலாம். ‘வந்த பிறகு’ என்பதுதான் விஷயம். மாமியார் அடுப்படியை விட்டு நகர்ந்த பிறகு மருமகள் நுழைகிற மாதிரி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

இந்தக் கதையின் கிளப்பைத் தொடங்கியவர்கள் ஒரு பாட்டில் தொழிற்சாலைக்காரர்கள். பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. கீழே விட்டால் தொலைந்தது. அப்படிப் பிடித்துப் பழகிய கைகள், சாப்பாட்டு நேரத்தில் கிடங்குச் சுவரில் சுண்ணாம்பால் இரண்டு கோல் வரைந்து பந்து பிடிக்க ஆரம்பித்தன. பன்னிரண்டாம் வருஷம் பெண்கள் அணி வந்தது. இருபதாம் வருஷம் தொழிற்சாலை மூடினாலும் கிளப் மூடவில்லை; அதற்குள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற பெரிய கிளப்பாகிவிட்டது. இப்போது அதற்கு ஐம்பது வயது. இந்த ஐம்பதில் பெண்கள் அணி ஐந்து முறை சாம்பியன். ஆண்கள் அணி ஒரே ஒரு முறை, முப்பது வருஷத்துக்கு முன்னால். ஆனால் கிளப்பின் வாசலில் நுழைந்ததும் யார் கதை காதில் விழும் என்று நினைக்கிறீர்கள்? ஆண்கள் அணியின் அந்த ஒரு முறைக் கதைதான்.

அந்த ஒரு முறைக்கும் ஒரு ராஜா உண்டு. பீரங்கி என்றால் எல்லாருக்கும் தெரியும். இருபத்துநாலுக்கு இருபத்துநாலு என்று நின்ற இறுதி ஆட்டத்தில், கடைசி விநாடிகளில் எதிரணியின் தடுப்பைப் பிளந்து இருபத்தைந்தாவது கோலைப் போட்டவர். இரண்டு விரலைப் பிசினில் தோய்த்து ஒரு முறை ஊதிவிட்டு எறிந்தாரென்றால் பந்து போவது கண்ணுக்குத் தெரியாது. அவர் எறிந்ததைப் பற்றிப் பேசுவது மட்டும் முப்பது வருஷமாக நிற்காமல் காதுக்குக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

நம் ஆள் பீரங்கி இல்லை. நம் ஆள் நாற்காலி.

அது அவருடைய பட்டப்பெயர். நாலு வருஷம் அதே அணியில் சம்பளத்துக்கு இருந்து, நாலு வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் வந்தது. பிசின் டப்பாவைப் பத்திரமாக மடியில் வைத்திருந்து, பீரங்கி ஓடிவந்து விரலை நீட்டும்போது திறந்து காட்டுவதுதான் அவர் ஆடிய ஆட்டம். போதாக்குறைக்கு, பீரங்கி அக்காளைக் கட்ட, நாற்காலி தங்கையைக் கட்ட, இரண்டு பேரும் சகலைகளாகிவிட்டார்கள். ஆக, கிளப்போடு முடிந்திருக்க வேண்டிய கேலி குடும்பத்துக்குள்ளும் குடிவந்துவிட்டது. யார் வீட்டு விசேஷம் என்றாலும், “நாற்காலிக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா” என்று பீரங்கி சொல்வதும், கூடத்தில் எல்லாரும் சிரிப்பதும், நாற்காலியும் சேர்ந்து சிரிப்பதும் வழக்கம்.

விளையாட்டை விட்டதும் நாற்காலி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்தார். நல்ல வேலைக்காரர். மரச்சட்டத்தின் நாலு மூலையையும் அவர் சேர்த்தால் தாள் நுழைய இடம் இருக்காது. சின்ன ஆணிகளை ஒரு பழைய தகர டப்பாவில் வைத்திருந்தார். எவ்வளவு தேய்த்தும் அந்த டப்பாவின் அடியில் ஒரு மஞ்சள் பிசுபிசுப்பு போகவில்லை; ஆணிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். வேறு டப்பா வாங்கித் தருகிறேன் என்று மனைவி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவர் கேட்கவில்லை.

ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கிளப் செயலாளர் கடைக்கு வந்தாள். பெண்கள் அணியின் ஐந்து வெற்றிகளில் மூன்றுக்குக் கேப்டனாக இருந்தவள். மூக்கு ஒருமுறை உடைந்து சற்றே இடப்பக்கம் பார்க்கும். பேச்சு மட்டும் நேராக வரும். கையில் நீளமான குழாய் ஒன்று.

“அண்ணே, நம்ம சரித்திரச் சுவருக்குப் படம். அந்தக் காலத்துப் போட்டோக்காரரோட பொண்ணு பரண்ல இருந்து நெகட்டிவைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா. பேப்பர்ல வந்தது பீரங்கி அண்ணன் மட்டும்தானே? இது முழுப் படம். அஞ்சடிக்குப் பெரிசு பண்ணியாச்சு.”

“பெண்கள் படமெல்லாம்?”

“அஞ்சும் சேர்த்து ஒரு சின்னச் சட்டத்துல போடணுமாம். கமிட்டி முடிவு.” அவள் மூக்கு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தது. “சரி, அது என் தலையெழுத்து. படத்துக்குக் கீழே பித்தளைத் தகடு வருது. ‘இறுதி ஆட்டத்தில் களம் இறங்கியவர்கள்’னு பதினோரு பேர்.”

“பதினொண்ணா?” நாற்காலி ஆணி டப்பாவை நகர்த்தி வைத்தார். “நாங்க பன்னிரண்டு பேர் இருந்தோமே.”

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. “இறங்கினவங்க மட்டும்தான்ணே. நீங்க… அன்னைக்கு பெஞ்சுல…”

“ஆமா ஆமா, பெஞ்சுல” என்றார் அவர் அவசரமாக.

அவள் போனதும் மேசையில் படத்தை விரித்தார். எதிரணிக் கோலுக்குப் பின்னால், மாடத்தில் உயர நின்று எடுத்த படம். முன்னால் எதிரணிக் கோல்கீப்பரின் விரிந்த முதுகு. நடுவுக்குச் சற்று இடப்பக்கம், தரையை விட்டு மூன்றடி மேலே, வாயைத் திறந்துகொண்டு பீரங்கி. தூரத்தில், தன் கோலில், தலையில் கைவைத்து நிற்கும் நம் கீப்பர். நம் கீப்பரில் தொடங்கி, கோடு போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு… ஆறு, ஏழு.

வலது ஓரத்தில், மூலையில், எட்டு.

எட்டாவது ஆள் பந்து கேட்டு ஒரு கையைத் தூக்கியிருந்தார். இன்னொரு கையில் பிசின் டப்பா.

நடந்தது இதுதான். கடைசி அரை நிமிஷத்தில் பயிற்சியாளர் கத்தினார்: “நாலாம் நம்பர் வெளியே! நாற்காலி உள்ளே!” நாலு வருஷம் காத்திருந்த காதுக்குப் பின்பாதிதான் கேட்டது. நாலாம் நம்பருக்கோ, கோலுக்கு முன்னால் நெரிசலில் நின்றதால், எந்தப் பாதியும் கேட்கவில்லை. அவர் வரவில்லை; இவர் போய்விட்டார். டப்பாவைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. நேரம் பார்க்கிற மேசையில் எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலியாகக் கிடந்த மூலைக்கு ஓடிக் கையைத் தூக்கினார். எதிரணியின் ஓரக்காவல்காரன், எங்கிருந்தோ முளைத்த இவரைப் பார்த்துத் திடுக்கிட்டு, தன் இடத்தை விட்டு இவரை நோக்கி ஓடிவந்தான். அவன் விட்ட இடத்தில் ஒரு கதவு அகலத்துக்குச் சந்து. பீரங்கி எறிந்தது அந்தச் சந்தில்.

பிறகு ஊதல், கட்டிப்பிடித்தல், அழுகை. அந்தக் கும்பலில் யார் ஆள் எண்ணுகிறார்கள்? நாற்காலியும் ஒருவர் தோளில் முகம் புதைத்து நின்றார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தான் இறங்கியிராவிட்டால் அந்தக் கோல் இல்லை. தான் இறங்கியதைச் சொன்னால் அந்தக் கோப்பையே இல்லை.

அன்றைக்கு மூடிய வாய்தான். அவர் ஆடிய ஒரே இறுதி ஆட்டம். அதைச் சொல்ல முடியாது. இப்போது பித்தளைத் தகட்டில் பதினோரு பெயர் வெட்டப்போகிறார்கள்; பன்னிரண்டாவது பெயர் தன்னுடையதென்று கேட்க முடியாது. பித்தளையில் வெட்டியது வெட்டியதுதான்.

மவுண்ட் அட்டையை எடுத்தார். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விளிம்பாக வைப்பார்களே, அந்த அட்டை. வலது பக்கம் நாலு விரல் அகலம் கூட விட்டால் போதும், எட்டாவது ஆள் அட்டைக்கு அடியில் போய்விடுவார். வைத்துப் பார்த்தார். போய்விட்டார். எடுத்தார். வந்துவிட்டார். இப்படித் தன்னைத்தானே மூடித் திறந்துகொண்டிருந்தபோது சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மனைவி வந்து நின்றாள்.

“யாருங்க இது, டப்பாவும் கையுமா? சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவரா?”

அவள் குனிந்தாள். காலை அகட்டி, ஒரு பக்கத் தோளைத் தூக்கி நிற்கிற அந்த நிலையை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறாள்.

“என்னங்க… இது நீங்க!”

சொன்னார். முழுவதும் சொன்னார். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, ஆணி டப்பாவைப் பார்த்து, மறுபடியும் ஆரம்பித்தாள்.

“அப்போ மாமா போட்ட கோல் உங்களாலயா? முப்பது வருஷமா எங்க அக்கா முன்னால நான் வாயை மூடிட்டு உட்கார்ந்திருக்கேன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“உங்கிட்டச் சொல்றதும் ஒலிபெருக்கியில சொல்றதும் ஒண்ணுதானே.”

“அது சரி” என்று அவள் நியாயமாக ஒப்புக்கொண்டாள். “இப்போ என்ன பண்ணப்போறீங்க?”

“மூடிடலாம்னு பார்க்கறேன். கிளப்புக்குக் கெட்ட பேரு எதுக்கு?”

அவள் மெல்ல அந்த டப்பா ஆளைத் தடவினாள். “நல்லாத்தான் ஓடியிருக்கீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் பீரங்கியே நேரில் வந்தார். தன் படத்துக்குத் தன் கண்முன்னால் சட்டம் போட வேண்டுமாம். அட்டை அப்போது வலது ஓரத்தை மூடியிருந்தது.

“அட்டகாசம்! என்னா எம்பு பாரு! சகலை, நான் இன்னும் நடுவுல வரலையே. அந்த வலது பக்கத்தை இன்னும் கொஞ்சம் மூடேன். அங்க என்ன இருக்கப்போகுது, வெட்டித் தரை.”

“வெட்டித் தரைதானா சகலை?”

“பின்னே? தகட்டுல என்ன போடச் சொல்லியிருக்கேன் தெரியுமா? ‘தனியொருவராகத் தடுப்பைப் பிளந்து’ன்னு. இப்படி ஒரு பாவ்லா காட்டினேன்,” பீரங்கி கடை நடுவில் தோளைக் குலுக்க, சாய்த்து வைத்திருந்த இரண்டு கண்ணாடிகள் நடுங்கின. “அவன் அப்படியே ஏமாந்து ஓடிட்டான், மூலைக்கு! ஆளே இல்லாத மூலைக்கு! அந்த முட்டாளை இன்னைக்கு வரைக்கும் அவங்க ஊர்ல ‘சந்து’ன்னுதான் கூப்பிடறாங்களாம். பாவம். ஆமா, நீ அப்போ எங்க இருந்த? ஓ… பெஞ்சுல, டப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு!” முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாற்காலி மறுபடியும் படத்தின் முன் குனிந்தார். தன்னை நாற்காலி என்பது பழகிப்போன வலி. ஆனால் எங்கேயோ ஒருவன், கண்ணால் பார்த்த ஆளைத் தடுக்க ஓடிய குற்றத்துக்காக, முப்பது வருஷமாகச் சந்து என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறானா? இது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்த அட்டை கைக்குக் கனமாகிவிட்டது.

புது அட்டை எடுத்தார். நாலு பக்கமும் ஒரே அளவாக, ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு வெட்டினார். ஒருவரும் மறையவில்லை. கண்ணாடி போட்டார், டப்பாவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஆணிகளைப் பிரித்துப் பிரித்து அடித்தார்.

விழா நாள் காலை. மண்டபம் நிறைந்திருந்தது. எதிரணியின் பழைய கோல்கீப்பரைச் சிறப்பு விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். முட்டி தேய்ந்துபோய் ஊன்றுகோலோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். படத்தை மூடியிருந்த திரை விலகியதும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. கடைசி வரிசையில் நாற்காலி கண்ணை மூடிக்கொண்டார். இதோ எண்ணப்போகிறார்கள். இதோ யாரோ கத்தப்போகிறார்கள்.

ஒருவரும் கத்தவில்லை. எல்லாரும் பீரங்கியைப் பார்த்தார்கள். படத்திலும் பீரங்கி, பக்கத்தில் நிஜத்திலும் பீரங்கி. அதைத் தாண்டி ஒரு கண்ணும் போகவில்லை. அஞ்சடிப் படத்தில், ஒரு ஜாண் உயரத்துக்கு, டப்பாவோடு நிற்கிறார் மனிதர், அப்போதும் தெரியவில்லை!

“பார்த்தியா,” என்றார் மனைவியிடம், “மூடாமலே மூடின மாதிரிதான்.” நிம்மதியா வருத்தமா என்று அவருக்கே புரியவில்லை.

அப்போது அந்தப் பழைய கோல்கீப்பர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். படத்துக்கு வெகு அருகில் போய், கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஊன்றுகோல் நுனியால் எண்ண ஆரம்பித்தார். மண்டபம் தானாக அமைதியானது.

“…ஆறு. ஏழு.” ஊன்றுகோல் வலது ஓரத்துக்கு நகர்ந்தது. “எட்டு.” திரும்பினார். “டப்பா! கையில டப்பா வச்சிருந்தான்னு அவன் அன்னைக்கே சொன்னான். எங்க ஓரத்தாளு. தலையில அடிச்சுச் சொன்னான். நாங்க யாரும் நம்பலை. பிசின் டப்பாவோட எவன்டா ஆட வருவான்னு சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்.” படத்தைப் பார்த்தார். “யாரு இது?”

பீரங்கியின் வாய், படத்தில் திறந்திருந்த மாதிரியே திறந்திருந்தது.

நாற்காலியை மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். “இந்தத் தடவையாவது டப்பா இல்லாம போங்க” என்றாள் காதோடு.

போனார். வரிசைகளுக்கு நடுவே, எல்லாரும் பார்க்க நடந்துபோய் நின்றார்.

“நான்தாங்க. நாலாம் நம்பர் வெளியே வர்றதுக்கு முன்னாலயே இறங்கிட்டேன். அவர் என்னைத் தடுக்கத்தான் ஓடி வந்தார். அதனாலதான் சந்து விழுந்துச்சு. தப்பு என்னோடது. முப்பது வருஷம் சொல்லாம இருந்ததும் என் தப்பு. கப்பைக் கேட்டீங்கன்னா…” கோல்கீப்பர் பக்கம் திரும்பினார். “குடுத்துடறதுதான் நியாயம்.”



“கப்பா?” என்றார் கோல்கீப்பர். “புகார் சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணும், கெடு முடிஞ்சு முப்பது வருஷம் ஆச்சு. அந்தத் தகரத்தைத் தூக்கிட்டுப் போக எனக்கு முட்டியும் இல்லை. எனக்கு இந்தப் படம் ஒண்ணு வேணும் தம்பி. இதே அளவு. ஓரம் வெட்டாம. அவன் வீட்டுக் கூடத்துல நானே மாட்டணும்.”

“சட்டம் நான் போட்டுத் தரேங்க,” என்றார் நாற்காலி. “கொண்டுவந்து மாட்டறதுக்கும் நானே வரேன். அவர்கிட்ட நேர்ல சொல்லணும்.”

பீரங்கிக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. “அப்போ என் பாவ்லா…?”

“நீங்க பாவ்லா காட்டினீங்களா மாமா?” என்றாள் நாற்காலியின் மனைவி கடைசி வரிசையிலிருந்து, வெண்ணெய் மாதிரிக் குரலில். முப்பது வருஷமாக அவள் சேர்த்து வைத்திருந்த கேள்வி அது. “இவர் டப்பா காட்டினதுல யாருக்கும் தெரியலை போலிருக்கு.” அவள் அக்காவே முதலில் சிரித்துவிட்டாள். பிறகு மண்டபத்தைக் கேட்கவா வேண்டும்?

செயலாளர் மைக்கைக் கையில் எடுத்தாள். மூக்கு இடப்பக்கம் பார்த்தாலும் கண் நேராகக் கமிட்டியைப் பார்த்தது.

“ஒரு சின்னத் தகவல். இந்தக் கிளப் இதுவரைக்கும் ஆறு தடவை சாம்பியன். நாங்க அஞ்சு தடவை ஜெயிச்சோம்.” சற்று நிறுத்தினாள். “அஞ்சு தடவையும் ஏழு பேரோடதான்.”

அந்தக் கைதட்டலுக்குப் பிறகு கமிட்டிக்கு வேறு என்ன முடிவு மிச்சம் இருக்கும்? பெண்கள் அணியின் ஐந்து படங்களும் ஐந்து பெரிய சட்டங்களில் சுவரின் மேல் வரிசைக்குப் போயின. அதற்குக் கீழே அந்த எட்டுப் பேர் படம். தகட்டைத் திருப்பி வெட்டினார்கள்: பன்னிரண்டு பெயர். ‘தனியொருவராக’ என்ற வார்த்தை காணாமல் போயிற்று.

பீரங்கி ஒரு மாதம் சட்டக்கடைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் உடைந்த கண்ணாடி ஒன்றைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, ஆணி டப்பாவையே பார்த்தார். கையை நீட்டி, அடியில் இருந்த மஞ்சள் பிசுக்கில் இரண்டு விரலைத் தோய்த்து, பழைய வழக்கப்படி ஒரு முறை ஊதினார்.

“இன்னும் ஒட்டுதுடா.”

“ஒட்டும் சகலை. நல்ல பிசின்.”

“எட்டு,” என்றார் பீரங்கி. புதுப் பெயரை அவர்தான் முதலில் கூப்பிட்டார். “அந்தச் சந்துக்காரர் வீட்டுக்கு எப்போ போறே? நானும் வரேன். படம் கனமா இருக்கும், ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணாமா?”

போனார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். அந்த வீட்டுப் படியேறுகையில் யார் பக்கம் கனம் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று கேள்வி.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிறது. கண்ணுகளா, உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஆள் எண்ணினால் எப்போதும் கணக்குக்கு ஒருவர் கூடவே இருக்கட்டும். ஒரு நாளும் ஒருவர் குறையாதிருக்கட்டும். உங்கள் கூடத்தில் மாட்டுகிற எந்தப் படத்திலும், ஓரத்தில் நிற்கிற ஒருவரும் வெட்டுப்படாமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.